பன்னிரண்டு புள்ளி நாலு

மூன்று வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சு:
பாட்டரியை எதில் ஏற்றுவது.

நீரோடியில் எங்கள் பக்கத்துக் கரையைக் கடல் எடுத்துவிட்டதால்
வள்ளம் பொழியூர் மணலில் கிடக்கிறது.
பிளக் இருக்கும் வீடு இங்கே, வள்ளம் அங்கே.
நடுவில் ஒரு பெயர்ப்பலகை.
பதினேழு கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு
கிளிட்டஸ் தினமும் இரண்டு தடவை மாநிலம் தாண்டுகிறார்.
அவர் சட்டைகளில் அமிலம் தின்ற ஓட்டைகள்,
இடது தோளில் மட்டும்.

பொழியூர் கடையில் ஸஜீவ்
லித்தியத்தைத் தூக்கிக் காட்டினான், ஒரு கையால்.
"பின்னே அஞ்சு கொல்லம் நோக்கண்டா சேச்சி."
விலையும் சொன்னான்.
வாங்கிப் பார்த்துக் கீழே வைத்தேன், இரண்டு கையால்.

கொழுந்தன் ரூபர்ட்டுக்கு எஞ்சின் காயில்தான்.
"ஓடும்பம் தானே ஏறிக்கிடும், மைனி. சும்மா வாற கரண்டாக்கும்."
ஓடும்போது, சரி.
வலை விட்டபிறகு
மண்ணெண்ணெய் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி
மிதக்கிறீர்களே ஐந்து மணி நேரம், அப்போது?
ரூபர்ட் தன் செருப்பைப் பார்த்தான்.

கிளிட்டஸுக்கு சோலார் பலகைமேல் ஆசை.
பகலில் வள்ளம் சும்மாதானே கிடக்கு,
வெயில் சும்மாதானே அடிக்கு.
உண்மைதான்.
காக்கை எச்சமும் சும்மாதான் விழும்.
வலை இழுக்கும்போது அதன் மூலையில் கயிறு மாட்டும்.
இடவப்பாதி மழை வந்தால் ஒரு மாதம்
வானம் பாத்திரம் கவிழ்த்த மாதிரி.

பங்குக் கோயில் நோட்டீசின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
ஜிபிஎஸ், எக்கோ, விளக்கு, வயர்லெஸ்.
நடுச்சாமத்துக்கே பாதி காலி.
பாதிக்குக் கீழே இறக்கிக்கொண்டே போனால்
பாட்டரி ஒருநாள் சொல்லாமல் சாகும்.
செத்தது, அந்த வியாழக்கிழமை.

"வலை எங்கயோ கொளுவி..." என்றார் வயர்லெஸ்ஸில்.
அதோடு நின்றது.
மிச்ச வாக்கியத்தை விடியும்வரை
நான்தான் முடித்துக்கொண்டிருந்தேன், வெவ்வேறு விதமாக.
எதையும் அவரிடம் சொல்லவில்லை.
ஏழு மணிக்கு வந்தார், அரைக் கூடை அயிலையுடன்.
"பாட்டரி எளவு எறங்கிப்போச்சு."
குளிக்கப் போய்விட்டார்.

அதன்பிறகுதான் மீட்டர் பிடிக்கக் கற்றேன்.
சிவப்பு முனை, கறுப்பு முனை.

மறுபடி ஸஜீவிடம் போய்
கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் இருந்ததைக் கேட்டேன்.
ஏழு ஆம்பியர், குட்டி.
"இது அலாரத்தினுள்ளதல்லே சேச்சி?"
ஆமா, அலாரத்துக்குத்தான் என்றேன்.

வயர்லெஸ்ஸுக்கு மட்டும் இது.
வேறெந்த வயரும் தொடக்கூடாது.
இரண்டரைக் கிலோகூட இல்லை,
சாப்பாட்டுப் பையிலேயே போகும்.
பகலில் மிக்சி பிளக்கில் ஏறும்;
அன்றைக்கு அம்மியில் அரைத்துக்கொள்கிறேன்.
பெரியதை விளக்கும் எக்கோவும் குடித்துத் தீர்க்கட்டும்.
அதற்குக் காயில் போதும்,
ரூபர்ட் ஜெயித்ததாகவே இருக்கட்டும்.
சோலாரைக் கிறிஸ்மஸ் கழிந்து பார்க்கலாம்.

கணக்கில் ஒன்று தெரிந்தது:
கேட்டுக்கொண்டே இருக்க ரொம்பக் கொஞ்சம்தான் செலவு.
பேசினால்தான் மளமளவென்று இறங்கும்.
சுருக்கமாகப் பேசுங்கள் என்று சொல்லி
மீட்டரையும் பையில் போட்டேன்.
ஒண்ணுக்கு ரெண்டு சுமையா என்று முனகினார்.
பையை வலது தோளில் மாட்டிக்கொண்டார்.

நேற்றுச் சாமம் ஒன்றரைக்குச் செட் கரகரத்தது.
யாரோ இருமினார்கள்.
பொழியூர்க்காரன் எவனோ நெத்தோலி விலை கேட்டான்.
பிறகு அவர் குரல், என் பெயர் சொல்லாமல்:
"பன்னிரண்டு புள்ளி நாலு."

பொத்தானை அழுத்தி
செரி என்றேன்,
விட்டேன்.

"எதுக்க வெலயாக்கும் அது?" என்று கேட்டான்
நெத்தோலிக்காரன்.